மடித்த தாளும் ஜன்னல் வெளிச்சமும்

நான் அடிக்கடி கடந்துபோகும் ஒரு சதுக்கத்தில் எஃகுச் சிற்பம் ஒன்று நிற்கிறது. தடித்த தகடுகள் மூன்று. ஒன்று நிமிர்ந்து நிற்கும். ஒன்று அதன் மேல் சாய்ந்திருக்கும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவே புகுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வளைவு என்று பெயருக்குக்கூட எதுவும் கிடையாது. நேரில் பார்த்தால், கை வைத்தால் கிழித்துவிடுமோ என்று தோன்றும். அதைப் படமெடுக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஓராண்டில் எடுத்த படங்கள் எதிலும் அந்தக் கூர்மை வரவில்லை. அட்டையில் வெட்டி வானத்தில் ஒட்டிய மாதிரி எல்லாம் தட்டையாக இருந்தன.

அகலக் கோண லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நீள லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தரையில் படுத்து எடுத்தேன். கணினியில் கான்ட்ராஸ்டைக் கூட்டினேன், ஷார்ப்னஸைக் கூட்டினேன். கோடுகள் கறுத்தன, அவ்வளவுதான். எஃகின் கனம் வரவே இல்லை.

விஷயம் பிடிபட்டது வீட்டு மேசையில். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, பாதி திறந்த புத்தகம் போல ஜன்னலோரம் நிற்கவைத்திருந்தேன். மடிப்பு ஜன்னலை நேராகப் பார்த்திருந்தது. நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று தாளைப் பார்த்தேன். மடிப்பைக் காணவில்லை! இரண்டு பக்கமும் ஒரே வெண்மை. நடுவில் கூர்மையான ஒரு மடிப்பு இருக்கிறது என்று விரலால் தடவித்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. தாளைக் கொஞ்சம் திருப்பினேன். ஒரு பக்கம் லேசாகச் சாம்பல் ஆனது. அந்தக் கணமே, பேனாவால் இழுத்தது போல மடிப்பு எழுந்து நின்றது.

அன்று அந்தத் தாளை வெகுநேரம் திருப்பிக்கொண்டே இருந்தேன். அதுவரை சிற்பத்தில் கோடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். எஃகில் கோடு என்று எதுவும் வரையப்படவில்லை. இரண்டு முகங்கள் வேறுவேறு அளவில் வெளிச்சம் வாங்கினால், அவை சேரும் இடத்தில் நம் கண் ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. இரண்டும் ஒரே அளவு வாங்கினால், கத்திமுனையே ஆனாலும் படத்தில் இல்லை. வைரக்கல்லுக்குப் 'பட்டை தீட்டுவது' என்கிறோம் இல்லையா? கல் அறுப்பவர் விளிம்பைத் தீட்டுவதில்லை. ஒரு பட்டை, பக்கத்தில் இன்னொரு பட்டை என்று தீட்டிக்கொண்டே போகிறார். விளிம்பு தானாகப் பிறக்கிறது. கோணங்களால் ஆன எதையும் படமெடுக்கப் போகும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது பட்டைகளைத்தான்.

இதில் கொஞ்சம் கணக்கும் உண்டு, சிக்கலானது இல்லை. பளபளப்பில்லாத ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பது, வெயில் அதன் மேல் எவ்வளவு சாய்வாக விழுகிறது என்பதைப் பொறுத்தது. பள்ளியில் படித்த கொசைன்தான். செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு சுவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் இரண்டின் மேலும் 45 டிகிரியில் விழுந்தால் இரண்டும் சமம், மூலை மறைந்துவிடும். வெயில் 15 டிகிரி நகர்ந்தால் ஒரு சுவர் 0.87 பங்கு வாங்கும், இன்னொன்று 0.5 பங்கு. கேமராக் கணக்கில் ஏறக்குறைய முக்கால் ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). மூலையை எழுப்ப அது தாராளமாகப் போதும். சூரியன் வானில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஆக, நான் ஓராண்டு முழுக்க லென்ஸ் மாற்றித் தேடியது, பல நாட்களில், ஒரு மணி நேரம் காத்திருந்தாலே கிடைத்திருக்கக்கூடியது.

காத்திருக்கத் தேவையில்லாத சிற்பம் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸில் டோனி ரோசென்தால் 1967இல் நிறுவிய 'அலமோ'. பக்கத்துக்கு எட்டு அடி வரும் கறுப்பு எஃகுக் கனசதுரம், ஒரு முனையில் நிற்கிறது. எடை ஏறக்குறைய 800 கிலோ. ஆனாலும் ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளினால் தன் அச்சில் சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். என் மேசைத் தாளைப் போலவே! சூரியனை நகர்த்த முடியாதபோது சிற்பத்தை நகர்த்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு பட்டை வெளுத்து இன்னொன்று கறுக்கும்.

மேகமூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நீண்ட காலம் அதைத் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். மேகம் போட்ட நாளில் வீட்டைவிட்டே கிளம்ப மாட்டேன். நிமிர்ந்த சுவர்கள் கொண்ட கட்டடத்துக்கு அது ஓரளவு சரிதான். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வெளிச்சம் வருவதால் நான்கு சுவரும் ஒரே சாம்பல் ஆகிவிடும், மூலைகள் கரைந்துவிடும். ஆனால் சுவர்களே சாய்ந்திருக்கும் கட்டடத்தில் கதை வேறு. மேகமூட்ட நாளில் வானம் முழுக்க ஒரு பெரிய விளக்கு. அது மேலே இருக்கிறது. அதனால் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கும் பட்டை அதிக வெளிச்சம் வாங்கும். தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும் பட்டை இருண்டுவிடும். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்து 2007இல் திறக்கப்பட்ட, டொரொன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தின் படிக வடிவ விரிவாக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெரும்பாலான முகங்கள் மேலேயோ கீழேயோ சாய்ந்தவை. மந்தமான நாளில் எடுத்த படத்தில்கூட எது கவிழ்ந்திருக்கிறது, எது மல்லாந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். என் சதுக்கத்துச் சிற்பத்தின் சாய்ந்த தகடும் அப்படித்தான். நான் அதை ஒதுக்கிவைத்த மேகமூட்ட நாட்களில் அது எனக்காக நின்றுகொண்டிருந்தது.

சரி, வெளிச்சம் பாதி. மீதிப் பாதி கால். எங்கே போய் நிற்கிறோம் என்பது.

வாஷிங்டனில் தேசிய ஓவியக்கூடத்தின் கிழக்குக் கட்டடம் இருக்கிறது. ஐ. எம். பெய் வடிவமைத்தது, 1978இல் திறந்தார்கள். அதன் ஒரு மூலை சுமார் 19 டிகிரி. செங்கோணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். பளிங்குக்கல்லில் செய்த கத்தி மாதிரி. வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்க்காமல் போவதில்லை. தொட்ட இடம் கையெண்ணெய் பட்டுக் கறுத்திருக்கிறது. அந்தக் கறையைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது: கண்ணால் பார்த்தது போதாமல்தான் கையும் கேட்கிறது. அவ்வளவு கூர்மையான முனையைக் கண் எளிதில் நம்புவதில்லை.

படத்தில் நம்பவைப்பது இன்னும் கடினம். அதற்கும் ஒரு வடிவியல் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு சுவர்களையும் முனையைத் தாண்டி முன்னோக்கி நீட்டி, தரையில் இரண்டு கோடுகளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே நின்றால்தான் இரண்டு சுவரும் ஒருசேரத் தெரியும். வெளியே ஒரு அடி வைத்தால் ஒரு சுவர் காணாமல் போய்விடும். அந்த இடைவெளி எத்தனை டிகிரி? குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். முனை 19 டிகிரி என்றால், நிற்கக்கூடிய இடமும் 19 டிகிரிதான். சாதாரணச் செங்கோண மூலைக்கு 90 டிகிரி விசாலம் கிடைக்கிறது; எங்கே நின்றாலும் ஏதோ ஒரு மூலை அமைந்துவிடும். பெய்யின் கத்திமுனைக்கு முன்னால் 30 மீட்டர் தள்ளி நின்றால், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஐந்து ஐந்து மீட்டர்தான் உங்களுக்கு. அதைத் தாண்டினால் கட்டடம் ஒற்றைச் சுவராகிவிடும், பின்னால் எதுவுமே இல்லாத பலகை போல.

அந்தப் பலகைத் தோற்றத்தையே விரும்பி எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் கட்டடம் 1902இல் எழும்பியது. கூர்முனை இரண்டு மீட்டர் அகலம்தான் வரும். புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் 1903இல் அதைப் பனியில் எடுத்தார். முன்னால் கவையாகப் பிரிந்த ஒரு மரம் கறுப்பாக நிற்க, பின்னால் கட்டடம் சாம்பல் நிறத் தகடாக எழுந்து நிற்கிறது. அடுத்த ஆண்டு எட்வர்ட் ஸ்டைகன் அந்தி மங்கலில் எடுத்தார். பட்டைகளுக்கு இடையே வித்தியாசம் காட்ட வேண்டும் என்ற என் விதியை இருவருமே பொருட்படுத்தவில்லை. அவர்களுக்குக் கட்டடத்துக்கும் வானத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் போதுமாயிருந்தது. எனக்கு ஸ்டீக்லிட்ஸின் படம்தான் ஒரு படி மேல். அவ்வளவு பெரிய கட்டடத்தை அவ்வளவு மெலிதாகக் காட்டவேண்டும் என்றால், எங்கே நிற்கவேண்டும் என்று அவர் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்!

தமிழில் 'கோணம்' என்றால் இரண்டு கோடுகளுக்கு இடையில் உள்ள விரிவு. 'என் கோணத்தில் பார்த்தால்' என்று சொல்லும்போது நாம் நிற்கும் இடம். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கட்டடத்தில் இருக்கும் கோணம் அப்படியே படத்துக்கு வந்து சேர்வதில்லை. நாம் நிற்கும் கோணம் அதை மாற்றிவிடுகிறது.

எவ்வளவு மாற்றும்? ஜெய்ப்பூரின் ஜந்தர் மந்தரில் உள்ள சாம்ராட் யந்திரத்தை வைத்துச் சொல்கிறேன். சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய சூரியக் கடிகாரம். 27 மீட்டர் உயரம். பக்கவாட்டில் பார்த்தால் மாபெரும் செங்கோண முக்கோணம். அதன் சாய்ந்த விளிம்பு தரையோடு 27 டிகிரி அமைக்கிறது. அந்த எண் ஊரின் அட்சரேகையிலிருந்து வருகிறது. அதனால் அந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. டெல்லியில் இருக்கும் இதே வகைக் கருவியில் சரிவு ஒன்றரை டிகிரி போலக் கூடுதல், ஏனென்றால் டெல்லி அவ்வளவு வடக்கே இருக்கிறது. அழகுக்காக வைத்த சரிவு இல்லை. ஒரு டிகிரி பிசகினால் நேரம் தவறும். அப்படிப்பட்ட ஒரு கோணத்தைப் படத்தில் அப்படியே காட்டவேண்டும் என்றால், சுவருக்கு நேர் எதிரே, செங்குத்தாக நின்றாக வேண்டும். தூரத்திலிருந்தே பார்த்தாலும், 60 டிகிரி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் அடிப்பக்கம் பாதியாகச் சுருங்கும், உயரம் சுருங்காது. 27 டிகிரிச் சரிவு ஏறக்குறைய 45 டிகிரியாக எழுந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் படங்களை வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சரிவு, கட்டடம் ஒன்றுதான்.

1949இல் இந்தியா வந்த சிற்பி இசாமு நொகுச்சி இந்த ஜந்தர் மந்தர் கட்டடங்களைப் படமெடுத்தார். கோணங்களோடு வாழ்ந்த ஒரு சிற்பி, கல்லை விட்டுவிட்டுக் கேமராவோடு அந்தச் சரிவுகளைச் சுற்றி நடந்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1968இல் அவர் நியூயார்க்கின் 140 பிராட்வேக்கு முன்னால் 'சிவப்புக் கனசதுரம்' வைத்தார். பெயர்தான் கனசதுரம், உயரவாக்கில் இழுத்து நீட்டிய உருவம் அது. ஒரு முனையில் நிற்கிறது, நடுவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவும் ஒரு வட்டத் துளை. பின்னால் கறுப்பு அலுவலகக் கட்டடம் கோடு பிசகாமல் நிமிர்ந்து நிற்க, முன்னால் இது மட்டும் சாய்ந்து நிற்கிறது. எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது கனசதுரமாகவும் தெரியும், நீண்டும் தெரியும். படமெடுக்கிறவர் நடந்து பார்க்காமல் அந்த உருவத்தின் உண்மையை அறிய வழியே இல்லை.

சிவப்பைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பொதுச் சிற்பங்களில் சிவப்பு நிறையவே உண்டு. வெயிலில் கேமராவின் சிவப்பு சேனல், அதாவது சிவப்பைப் பதியும் பகுதி, பச்சைக்கும் நீலத்துக்கும் முன்னால் நிரம்பி வழிந்துவிடும். பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்றே காட்டும். படத்திலோ வெயில் பட்ட பட்டை, படாத பட்டை இரண்டும் ஒரே சிவப்புப் பூச்சாக இருக்கும். மடிப்பு மறுபடியும் காணோம். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்வது என் வழக்கம்.

அடுத்தது, எனக்கு அழுத்தமான கருத்து உள்ள விஷயம். சாய்ந்த கட்டடத்தை எடுக்கும்போது கேமராவைச் சாய்க்காதீர்கள்.

கேமராவை அண்ணாந்து பிடித்தால் நிமிர்ந்த கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். சாதாரணக் கட்டடத்தில் இதை மன்னித்துவிடலாம், கட்டடம் நேரானது என்று பார்ப்பவருக்கே தெரியும். மட்ரிட்டில் 1996இல் கட்டி முடித்த இரட்டைக் கோபுரங்கள் ஒன்றையொன்று நோக்கி 15 டிகிரி சாய்ந்து நிற்கின்றன. அவற்றை அண்ணாந்து எடுத்தால், இந்தச் சாய்வில் எது பொறியாளர் செய்தது, எது லென்ஸ் செய்தது என்று எப்படிப் பிரிப்பது? கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு தொங்கவிடுவார். அது மாதிரி படத்துக்குள்ளும் நம்பகமான ஒரு செங்குத்து வேண்டும். ஒரு விளக்குக் கம்பம், கொடிமரம், ஒரு கதவின் நிலை, இல்லையென்றால் நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதர். அது நேராக இருந்தால்தான் மற்றது சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பவர் உணர்வார். இதற்குத்தான் ஷிஃப்ட் லென்ஸ் வந்தது; கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்திக்கொள்ளலாம். 35 மி.மீ. கேமராவுக்கு நிக்கான் அப்படியொன்றை 1960களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டது. என்னிடம் இல்லை. கேமராவை மட்டமாக வைத்து, அகல லென்ஸில் எடுத்து, கீழே வரும் வெற்றுத் தரையைப் பிற்பாடு வெட்டிவிடுகிறேன். பிக்சல் கொஞ்சம் போகும், கோடு நிற்கும்.

இதற்கு நேர் எதிராகச் செய்தவர் ரஷ்யப் புகைப்படக் கலைஞர் அலெக்சாந்தர் ரோட்சென்கோ. 1920களில் மாஸ்கோவின் சாதாரணப் பால்கனிகளையும் படிக்கட்டுகளையும் அவர் மேலிருந்தும் கீழிருந்தும் கேமராவைச் சாய்த்தும் எடுத்தார். அந்தப் படங்கள் எனக்குப் பெரும் மதிப்புக்குரியவை. ஆனால் கவனியுங்கள், அவர் எடுத்த கட்டடங்கள் செங்கோணக் கட்டடங்கள். சாய்வை அவர்தான் கொடுத்தார். ஏற்கெனவே சாய்ந்த ஒன்றில் நாமும் சாய்த்தால் இரண்டு சாய்வும் ஒன்றையொன்று தின்றுவிடும். சில சமயம் கட்டடம் நேராகவே தெரியும்.

பெர்லினில் லிபெஸ்கிண்டின் யூத அருங்காட்சியகத்தில் உள்ள நாடுகடத்தலின் தோட்டம் இதற்குக் கடைசிச் சோதனை. 49 கான்கிரீட் தூண்கள். தரையே சரிவு, தூண்கள் அந்தச் சரிந்த தரைக்குச் செங்குத்தாக நிற்பதால் அவையும் சாய்ந்திருக்கின்றன. நடப்பவருக்குத் தலை லேசாகக் கிறங்கவேண்டும், சொந்த மண்ணை இழந்தவரின் தடுமாற்றம் உடம்புக்குத் தெரியவேண்டும் என்பதே நோக்கம். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்போம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். தூண்களோடு ஒட்டிக் கேமராவைப் பிடித்தால், படத்தில் அழகான நேர்த்தியான தூண் வரிசை கிடைக்கும். அந்த இடம் சொல்லவந்தது முழுக்கப் போய்விடும். ரசமட்டத்தை நம்பி, உண்மையான கிடைமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தூண்களைச் சாயவிட வேண்டும். அங்கே எடுத்த படங்களில் என்னைத் தொட்டவை, தூண்களுக்கு நடுவே ஒரு மனிதரும் இருந்தவை. தூண்களுக்கு ஒத்துப்போகாமல் அவர் உடம்பு தனக்கான செங்குத்தைத் தேடிக்கொண்டு நிற்கும்.

சட்ட விஷயம் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்பது. பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் படமெடுப்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் கட்டடங்களுக்கு அந்தச் சலுகை உண்டு, சிற்பங்களுக்கு இல்லை. அங்கே ஒரு போர் நினைவகச் சிற்பத்தின் படம் அஞ்சல் தலையில் வந்ததற்காகச் சிற்பி வழக்குப் போட்டு வென்றிருக்கிறார். படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நிழலை மறந்துவிடக் கூடாது. கோணங்களால் ஆன பொருளின் நிழலும் கோணம்தான். ஆனால் முனை எவ்வளவு கூராக இருந்தாலும் நிழலின் முனை அவ்வளவு கூராக இருக்காது. சூரியன் புள்ளி இல்லை. வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் விளிம்பிலிருந்து நிழல் விழும் இடம் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், நிழலின் ஓரம் ஒன்பது மில்லிமீட்டர் மங்கும். 15 மீட்டர் என்றால் 14 சென்டிமீட்டர். சாம்ராட் யந்திரத்தின் நிழல் அவ்வளவு தூரம் கடந்துதான் அளவுகோல் மேல் விழுகிறது, விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே. கல்லின் ஓரம் கத்தி போல, நிழலின் ஓரம் புகை போல. இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால் கல் இன்னும் கூராகத் தெரிகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு என் சதுக்கத்துச் சிற்பத்திடம் திரும்பப் போனேன். கேமராவை எடுக்காமல் மூன்று முறை சுற்றி வந்தேன். நீட்டியிருக்கும் தகட்டின் முனைக்கு எதிரே எவ்வளவு இடத்தில் இரண்டு முகமும் தெரிகிறது என்று காலால் அளந்தேன்: ஆறு காலடி, அவ்வளவுதான். ஓராண்டாக நான் நின்றுவந்த இடம் அந்த ஆறு அடிக்கு வெளியே இருந்தது. உள்ளே நகர்ந்தேன். அப்போது மணி எட்டு. இரண்டு முகத்திலும் வெயில் சமமாக இருந்தது. முனை தெரியவில்லை.

உட்கார்ந்துகொண்டேன். எட்டரைக்கு இடப்பக்கத் தகடு மங்கத் தொடங்கியதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எட்டு ஐம்பதுக்குச் சந்தேகமில்லை. ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்களில் வெயில் அந்த முகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. தகட்டில் பற்றவைத்த இடத்தின் மேடுகள், மழைநீர் இறங்கிய தடங்கள், யாரோ ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் எல்லாம் ஒரு ஐந்து நிமிடம் எழுந்து நின்றன. அப்புறம் முகம் முழுக்க இருட்டுக்குள் போனது. அதற்கும் வெயிலில் நின்ற முகத்துக்கும் நடுவே, மேலிருந்து கீழே தரை வரைக்கும், அந்த முனை.

பதினொரு படம் எடுத்தேன். ஒரு குழந்தை ஓடிவந்து முனையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சிட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன், மடித்த தாள் நின்ற அதே ஜன்னலோரம்.